கெட்டுப்போகாத மிஷின்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள், மழைச் சத்தத்தில் பாதி வார்த்தை போய்விடும். கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வரலாம். கேட்கப்போவது காதுதானே, கைக்கு என்ன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின் ஒன்று எப்படியாவது கெட்டுப்போக வேண்டுமே என்று ஒரு குடும்பமே ஏங்கிக் கிடந்த கதை இது. சிரிப்பு வரும். வந்தால் அடக்காதீர்கள். அவர்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

நீளமான ஒரு தகரக் கூரைச் சலவைக்கூடம். முன்வாசலில் அழுக்கு வரும், பின்வாசலில் வெளுப்பு போகும். நடுவில் ஒரு சுவர். அழுக்கைத் தொட்ட கை வெளுப்பைத் தொடக் கூடாது என்பதற்காக எழுப்பிய சுவர் அது. அந்தச் சுவருக்குள்ளேயே பெரிய பெரிய டிரம் மிஷின்களைப் பதித்திருந்தார்கள். இந்தப் பக்கக் கதவில் போட்டால் அந்தப் பக்கக் கதவில் எடுக்கலாம். எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியின் துணி: படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி. அந்த ஒரு ஆஸ்பத்திரியை நம்பித்தான் அத்தனை அடுப்பும் எரிந்தது.

வெளுப்புப் பக்கத்தில் ஆவி கக்கும் பெரிய ரோலர். அதைத் தாண்டினால் மடிக்கிற மேஜை. அந்த மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி மடிப்பின் மூலையை ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு தினுசாகச் செருகுவாள். ஒருத்தி உள்ளே மடக்கி, ஒருத்தி வெளியே இழுத்து, ஒருத்தி சின்னதாக ஒரு முறுக்குக் கொடுத்து. விரிப்பில் கறை தங்கிவிட்டதென்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூலையைப் பார்த்தால் போதும். "என் கைதான், குடு" என்று அவளே வாங்கிக்கொண்டு போவாள்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவள் அண்ணி. வயதில் மூத்த இஸ்திரிக்காரிகூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டு எல்லோருக்கும் ஒட்டிக்கொண்ட பேர் அது. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் பால் பல் விழாத பிள்ளை. தாய் இல்லை. சுடச்சுட மடித்து அடுக்கிய விரிப்புகளின்மேல் ஏறிச் சுருண்டு தூங்கிவிடுவான். அதனால் அவன் பேர் பூனை. வளர்ந்து, முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் பூனைதான்.

அந்தக் காலத்தில் அண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதே வார்த்தையைக் கத்தியிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. ரோலர் கொதிக்கும், பெல்ட் ஓடும், பூனையின் விரல் அதை நோக்கியே போகும். "கை வைக்காதே! சொன்னேன்ல, கை வைக்காதே!"

வளர்ந்ததும் அந்த விரல் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பியது. டிரம்களை ஓட்டிய பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்த கம்பெனி ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அதில் இருந்தது வருஷா வருஷம் அனுமதி புதுப்பித்தால்தான் எழுந்திருக்கும் சரக்கு. புதுப்பிக்க ஆள் இல்லை. டிரம் எல்லாம் ஊமையாக நின்றன. பூனைதான் அதைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டான். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தது அது. அதன்மேல் டிரம் ஓட்டுவதற்குத் தானே ஒரு புரோகிராமும் எழுதி வைத்தான். டிரம்மைக் கையால் ஓட்டுவதற்கென்று இருந்த, ஷாக் அடித்துக்கொண்டிருந்த பழைய பட்டன்களையும் கழற்றிவிட்டான். சந்தேகம் வந்தால் இணையத்தில் ஒரு மன்றம், அங்கே கேட்பான். நாளாக ஆக, அங்கே மற்றவர்களுக்குப் பதில் சொல்கிறவனாகவும் ஆனான். அங்கே அவனுக்குப் பேர் 'ஈரத்துணி'.

கம்ப்யூட்டரின் நெற்றியில் அந்த லினக்ஸின் பென்குவின் படத்தை ஒட்டியிருந்தான். மடிக்கிற பெண்கள் அதற்கு வாத்து என்று பேர் வைத்தார்கள். "வாத்து முழிச்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே காலையில் உள்ளே வருவார்கள். வாத்து ஒருநாளும் தூங்கியதில்லை. வினையே அதுதான்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், மெல்லிய குரல். சலவைக்கூடத்தின் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோடு பேசுகிறதாம், அதனால் பார்க்க வந்தார். பார்த்தார். தலையாட்டினார்.

"அருமையா ஓடுதும்மா. ஆனா இது யாரோடது?"

"எல்லாரோடதும்தான் சார்" என்றான் பூனை.

"அதாவது யாரோடதும் இல்ல. கெட்டுப்போனா யாரைக் கூப்பிடுவீங்க?"

"நானே பாத்துடுவேன்."

"நீங்க இல்லாதப்போ?"

"இவன் எங்க சார் போகப்போறான்? கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டாக்கூட பாதிப் பந்தியில எழுந்து ஓடியாந்துடுவான்" என்றார் அண்ணியின் புருஷன். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்குங்க. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. நான் யாரையாவது கை காட்டணும்ல? பொறுப்பேத்துக்க ஒரு கம்பெனி வேணும். இதே லினக்ஸுக்கு அப்படிக் கம்பெனிங்க இருக்கு. அவங்களோட ஒப்பந்தம் போட்டுக்குங்க."

போட்டார்கள். புது டிரையர் வாங்கச் சேர்த்து வைத்திருந்தது அதற்குப் போனது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, பூனை போட்டிருந்ததை எடுத்துவிட்டுத் தங்கள் முத்திரை போட்ட லினக்ஸைப் போட்டார்கள். பூனை எழுதிய டிரம் புரோகிராமை அப்படியே மேலே உட்காரவைத்தார்கள். புகார் பதிவானதும் விழித்துக்கொண்டு, யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று தங்களுக்குச் செய்தி அனுப்புகிற ஒரு காவல்காரப் புரோகிராமையும் வைத்தார்கள். போகும்போது ஒன்று சொன்னார்கள். புகார் கொடுத்தபிறகு, அது தீர்கிறவரை, வீட்டு ஆள் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் புகார் செல்லாது.

"அவ்வளவுதானே சார்?" என்று அண்ணி அதிகாரியைக் கேட்டாள்.

"அவ்வளவுதான்மா. ஒரே ஒரு புகார் கொடுத்து, அதை அவங்க தீர்த்து வச்சதைக் காட்டிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன். மாசக் கடைசிக்குள்ள காட்டணும். இல்லாட்டி துணியை வேற எடத்துக்குக் குடுக்கச் சொல்லிடுவாங்க."

"எதுவுமே கெடலையே சார்?"

"கெடும்ல? கெட்டதும் கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அந்தக் கூடமே வாத்து நோய்ப்பட வேண்டுமென்று காத்திருந்தது. வாத்து ஓடிக்கொண்டே இருந்தது. மழைக்காலம், கரண்ட் போய்ப் போய் வந்தது. வாத்து ஒவ்வொரு தடவையும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. இஸ்திரிக்காரி போகும்போதும் வரும்போதும் அதைத் திட்டுவாள். "இருமக்கூட மாட்டேங்குதே இந்தச் சனியன். எங்க வீட்டுக்காரருக்கு இந்த உடம்பு இருக்கக் கூடாதா?"

"ஒரு தட்டுத் தட்டிப் பாரேன்க்கா" என்பாள் மடிக்கிறவர்களில் ஒருத்தி.

"அதெல்லாம் தட்டியாச்சு. என் கைதான் வலிக்குது."

மாசம் முடியப்போகிறது. பூனை சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. முட்டையை ஓரமாகத் தள்ளியிருந்தான். அண்ணிக்கு அவன் தட்டைப் பார்த்தாலே விஷயம் தெரியும்.

"என்னடா நெனைக்கிற?"

"நானே கெடுத்துடட்டுமா அண்ணி?"

அவள் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள். அது சம்மதம்தான்.

"பெருசா இல்ல. அடியில ஒரு சின்ன ஃபைலோட பேரை மட்டும் மாத்திடறேன். அது இல்லேன்னா வாத்து டிரம்மோட பேசாது. கம்பெனிக்காரன் பாத்தா ஒடனே கண்டுபிடிச்சுடுவான். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"போன்ல நீ பேசாதே. உனக்குப் பொய் வராது. நான் பேசறேன்."

கொழுந்தனும் அண்ணியும் பேசி முடித்தார்கள். மூன்றாவது ஆளிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அடுத்த நாள் அதிகாரி வருகிறாரே, கூடம் களையாக இருக்கட்டுமே என்று நினைத்து, அண்ணியின் புருஷன் விடியும்போதே வந்து டிரம் அத்தனையிலும் துணியை நிரப்பி ஓடவிட்டுவிட்டார். தியேட்டரின் பச்சைத் துணி முழுவதும் உள்ளே. நல்ல எண்ணத்தில் செய்தது, பாவம். பூனை உள்ளறைக் கம்ப்யூட்டரில் ஃபைலின் பேரை மாற்றிவிட்டு வெளியே வந்தபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை. டிரம் சத்தம் இல்லாத கூடத்தை அங்கே யாரும் அறிந்ததில்லை. ரோலரைச் சூடேற்றிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

டிரம்கள் பாதியில் நின்றிருந்தன. உள்ளே கொதிநீர் இருக்கும்போது வாத்தின் பேச்சு அறுந்துபோனால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், மறுபடி பேச்சு வரும்வரை திறக்காது, யார் கையும் வெந்துவிடக் கூடாதென்று. பூனைதான் அதை அப்படி எழுதியிருந்தான்.

"ஏன்டா நின்னுபோச்சு?" என்று ஓடிவந்தார் புருஷன்.

அண்ணி அவரைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள். "இப்ப யாருங்க உங்களை இதுல துணி போடச் சொன்னது?"

"நேரமே முடிஞ்சா நல்லதுன்னு..."

அவள் போனை எடுத்தாள். நம்பரை அழுத்தினாள். பாட்டு ஓடியது. நல்ல பாட்டுத்தான்; கேட்டுக் கேட்டு அது தலைவலியாகிற வரைக்கும் ஓடியது. அப்புறம் ஒரு பெண்ணின் குரல், கன்றுக்குட்டி மாதிரிப் பிஞ்சுக் குரல். வணக்கம் சொல்லி, புகார் எண்ணைக் கொடுத்து, கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?"

"பண்ணியாச்சும்மா."

"கேபிள் எல்லாம் இறுக்கமா இருக்கா?"

"இருக்கும்மா. ஏதோ ஃபைல் பேரு மாறியிருக்குமோன்னு தோணுது, அதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

"அப்படி ஒரு கேள்வி எங்க வரிசையில இல்லையே மேடம். அடுத்ததா, ஸ்கிரீன்ல வெளிச்சம் தெரியுதா?"

நேரம் போனது. டிரம்முக்குள் தண்ணீர் ஆறியது. ஆறின சோப்புத் தண்ணீரில் துணி கிடந்தால் என்ன ஆகும் என்று சலவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? முதலில் வழுவழுப்பு, பிறகு ஒரு புளிச்ச வாடை. கதவின் ரப்பர் இடுக்கு வழியாக அந்த வாடை மெல்லக் கசிந்தது. வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. பெண்கள் மடிக்க ஒன்றுமில்லாமல் காலி மேஜையின் முன்னால் நின்றார்கள்.

பூனை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரின் முன் நின்றான். ஒரு பேரை மாற்றினால் போதும். அவனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருந்த காவல்காரப் புரோகிராம் அவன் விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அதிகாரி வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்து அவர் முகம் வாடியது. ஒரு நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தார். இஸ்திரிக்காரி கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். அந்த நேரத்தில் பூனையின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவன் அண்ணியை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணி, மன்றத்துல ஒருத்தர் கேள்வி போட்டிருக்காரு. நாம ஒப்பந்தம் போட்ட கம்பெனியோட மேலாளர்தான், கம்பெனிப் பேரையும் போட்டிருக்காரு. நம்ம கோளாறை அப்படியே எழுதி, யாருக்காவது தெரியுமான்னு கேட்டிருக்காரு."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "மிஷின்லதானேடா கை வைக்கக் கூடாது? பதில்ல வைக்கலாம்ல? எழுது!"

எழுதினான். எந்த ஃபைல், என்ன பேர், எப்படி மாற்றுவது என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினான். அடியில் 'ஈரத்துணி' என்று வந்தது. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

கூப்பிட்டது புகார் வாங்கிய அந்தப் பெண்தான்.

"மேடம், ஒரு பதில் கிடைச்சிருக்கு."

"சொல்லும்மா, சொல்லு!"

"சொல்லக் கூடாது மேடம். ஈரத்துணின்னு யாரோ எழுதியிருக்காங்க. பேரு ஊரு தெரியாதவங்க சொன்னதை நாங்க அப்படியே வாடிக்கையாளருக்குச் சொல்லக் கூடாது. மேல சரிபார்த்துத்தான் குடுக்கணும். அனுப்பியிருக்கேன்."

"அவரு நல்லவருதாம்மா, நம்பலாம்" என்று அண்ணி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா மேடம்?"

அண்ணியின் பக்கத்தில் நின்ற பூனை கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லம்மா. பேரைக் கேட்டா... நம்ம தொழில் மாதிரி இருந்துச்சு."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "அக்கா, எனக்கே அது சரின்னுதான் தோணுது. ஆனா அதைச் சொன்னா என் வேலை போயிடும். சரிபார்க்கிறவரு இன்னைக்கு லீவு. நான் என்னக்கா பண்ணட்டும்?"

"உன்னை யாரும்மா குத்தம் சொன்னா? சாப்பிட்டியா நீ?"

"இன்னும் இல்லக்கா."

"மொதல்ல போய்ச் சாப்பிடு."

அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் போனை வைக்கிறாள், மறுபடி மணி அடிக்கிறது. தியேட்டர் சிஸ்டர். "அண்ணி, பச்சைத் துணி எங்க? அலமாரியில கடைசி அடுக்குக்கு வந்துட்டோம். ஒரு பொண்ணு பிரசவ வலியில வந்திருக்கா, கொழந்தை குறுக்கால கெடக்குதாம். சாயங்காலம் கிழிச்சுத்தான் எடுக்கணும்கறாங்க. அனுப்பறீங்களா, இல்ல நான் வேற எங்கயாவது கேக்கட்டுமா?"

"அனுப்பறேன் சிஸ்டர்."

அண்ணி வெளுப்புப் பக்கத்துக்கு வந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரி எழுந்து நின்றார்.

"அம்மா, நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னு எனக்குத் தெரியுது. கொஞ்சம் யோசிங்க. நீங்க கை வச்சீங்கன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"தெரியும் சார்."

"இவ்வளவு பேரு இருக்காங்க."

"அதுவும் தெரியும் சார்." அவள் பூட்டிக் கிடந்த டிரம்மைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க, அந்தப் பொண்ணை எதுல படுக்க வைப்பாங்க?"

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். மெல்ல ஜன்னலின் பக்கம் திரும்பி, மழையைப் பார்ப்பவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவரால் முடிந்தது அவ்வளவு. காவல்காரப் புரோகிராமுக்கு முதுகு ஏது?

அண்ணி கொழுந்தனின் அருகே போனாள். அவன் கை இன்னும் பின்னால்தான் இருந்தது. கட்டியிருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் அந்தக் கையைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தாள். ஒரு ஆயுளுக்கும் அவனிடம் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"கை வைடா."

டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. டிரம்கள் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு எழுந்தன. வாடை போகிறவரைக்கும் மறுபடி அலசினார்கள். ரோலர் உறுமியது. மடிக்க ஆள் போதாமல் புருஷனும் வந்து நின்றார், பூனையும் வந்து நின்றான். துணி சூடு ஆறுவதற்குள் வண்டியில் ஏறியது. அண்ணியும் கூடப் போனாள். தியேட்டர் வாசலில் சிஸ்டர் அவசரமாக வாங்கி அடுக்கும்போது ஒரு மூலையில் விரல் நின்றது.

"இது யாரு மடிப்பு? புதுசா இருக்கே?"

"எங்க வீட்டுச் சின்னவனோடது."

"அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் உள்ளே ஓடினாள்.

குழந்தை பிறந்தது. பெண். தாயும் பிள்ளையும் சுகம். அதை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூங்கமாட்டீர்கள்.

மற்றதெல்லாம் அதிகாரி சொன்னபடிதான் நடந்தது. புகார் செல்லாது என்று செய்தி வந்தது, வாடிக்கையாளர் தலையீடு என்று காரணம் போட்டு. ஆஸ்பத்திரித் துணி ஒரு பெரிய சலவைக் கம்பெனிக்குப் போனது. அதிகாரி நேரில் வந்து சொன்னார், போனில் சொல்ல மனசு வரவில்லையாம். அவரையும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். "நான் என்னம்மா பண்ண முடியும்" என்றார். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றாள் அண்ணி.

ஒவ்வொருத்தியாக வேறு வேலை தேடிப் போனார்கள். இஸ்திரிக்காரி கடைசியாகப் போனாள். போகும்போது வாத்தின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "நீ கெடாமலே எங்களைக் கெடுத்துட்டியேடா." சுவரில் பதித்த டிரம்களில் ஒன்று மட்டும் அக்கம்பக்கத்து வீட்டுத் துணிக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவை வாயைத் திறந்துகொண்டு நின்றன.

தியேட்டர் சிஸ்டர் எப்போதாவது கூப்பிடுவாள். "இப்ப வர்ற துணியில மூலையே இல்ல அண்ணி. எல்லாம் மிஷின் மடிப்பு, ஒரே மாதிரி. போன வாரம் ஒரு கறை. யாருகிட்ட சொல்றது? பொட்டலத்து மேல ஒரு நம்பர் இருக்கு. அடிச்சா பாட்டுதான் பாடுது."

ரொம்ப நாள் கழித்து, மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் அண்ணியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பூனை வாசித்துக் காட்டினான். 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கோளாறுக்கான தீர்வு சரிபார்க்கப்பட்டுக் கிடைத்துவிட்டது.' அதன்கீழே அவன் எழுதியதே வரிக்கு வரி இருந்தது. 'ஈரத்துணி' மட்டும் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் பேரைப் போட்டு, இவருடைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஐந்து வெள்ளைக் கட்டம்.

"ஒண்ணுகூடக் குடுக்காதீங்க அண்ணி" என்றான் பூனை.

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "அந்தப் பிள்ளை அன்னைக்கு மத்தியானம்வரைக்கும் சாப்பிடலடா" என்றாள். பிறகு ஒவ்வொரு நட்சத்திரமாக, ஒன்றுவிடாமல் ஐந்தையும் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருந்த அந்த ஒற்றை டிரம்மிடம் போனாள்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒன்று பழுதானால் அதைச் சரிசெய்கிற கையும் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற நாள் உங்கள் யாருக்கும் வராமலிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் சுத்தமான துணியில் பிறந்து, வெதுவெதுப்பான துணியில் தூங்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு உங்கள் வாசலில் எப்போதும் ஒரு மனுஷக் குரல் பதில் சொல்லட்டும்.